சூடாகும் லேப்டாப், திரையில் கோடுகள்: சிப்புக்கு ஹீட் வைத்தால் சரியாகுமா?

கேள்வி: என் கேமிங் லேப்டாப் வாங்கி நாலு வருடம் ஆகிறது. தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. இப்போது திரையில் பச்சைக் கட்டங்களும் கோடுகளும் வருகின்றன, சில நேரம் அப்படியே உறைந்துவிடுகிறது. சர்வீஸ் கடையில் கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, ஹீட் வைத்தால் சரியாகிவிடும், 3500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்காதீர்கள். சிப்புக்கு ஹீட் வைப்பது, அதாவது சூடான காற்றை ஊதிச் சிப்பைச் சூடாக்குவது, பழுது நீக்குவது ஆகாது. கொஞ்ச நாளைக்குப் படம் வரும், அப்புறம் திரும்பப் போகும். அப்போது கடைக்காரர் உங்களையே குறை சொல்வார்.

நீங்கள் காலேஜில் படிக்கிறீர்கள், வீட்டில் தவணை கட்டி அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். "விளையாடி விளையாடிக் கெடுத்திருப்பான்" என்று யாராவது இங்கே வந்து எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவதே அந்தச் சிப்பை வேலை வாங்கத்தான். அதை வேலை வாங்கியதற்காக யாரும் தலை குனிய வேண்டியதில்லை. நான் விளையாடுகிறவன் இல்லை. எனக்கும் இதே பேச்சு கிடைத்தது, அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

காரைக்குடி பக்கம் புதுவயலில் இருக்கிறேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளை அளந்து டிராயிங் போடுவது, பழுது பார்த்த பிறகு எப்படி இருக்கும் என்று 3டி படம் செய்து காட்டுவதுதான் தொழில். ஒரு தெருவில் முகப்பு தொடங்கினால் அடுத்த தெருவில் பின்கட்டு முடிகிற வீடுகள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு நிலைக்கதவாக மாடலில் ஏற்ற வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளவு வெளிச்சம் விழுவதைக் காட்டும் ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்து முடிக்க (இதைத்தான் ரெண்டர் என்பார்கள்), சிப் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கும்.

வேலை நடக்கிற இடமும் சாதாரண இடமில்லை. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருப்பார்கள். காவலுக்கு இருப்பவர் கதவைத் திறந்துவிடுவார். முகப்பில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் வேலை செய்யும், அதிலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும். வெளிக்காற்று 10 டிகிரி கூடினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும், ஏனென்றால் லேப்டாப் விசிறி இழுப்பது அந்தக் காற்றைத்தான். குளிரூட்டிய ஷோரூமில் வைத்து ஓட்டிக் காட்டும் லேப்டாப்பும் பங்குனி வெயிலில் திண்ணையில் ஓடும் லேப்டாப்பும் ஒரே பாடு படுவதில்லை.

இதோடு புதுவயல் தூசி. எங்கள் ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் காற்றில் இருந்துகொண்டே இருக்கும், துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும். மாதம் தவறாமல் லேப்டாப்பின் காற்றுத்துளையில் புளோயர் வைத்து ஊதுவேன். வெளியே பளிச்சென்று இருக்கும். சூடு மட்டும் குறையாது. பிறகு பின்மூடியைக் கழற்றி, விசிறியையும் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து இறுகிக் கிடந்தது. வெளியிலிருந்து ஊதினால் அது நகராது. விசிறியைக் கழற்றித்தான் உரித்து எடுக்க வேண்டும். லேப்டாப்போடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு வேலை முடிகிற நேரத்தில் உங்களுக்கு வந்த அதே பச்சைக் கட்டங்கள் எனக்கும் வந்தன. கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் வேண்டாம், லேப்டாப் கம்பெனி பெயரும் வேண்டாம். "ஹீட் அடிச்சுக் குடுத்துர்றேன் சார், புதுசு மாதிரி ஓடும்" என்றார். ஓடியது. சில வாரம் கழித்து, வீட்டுக்காரர்களுக்குப் படம் காட்ட வேண்டிய நேரத்தில் திரை கறுத்துவிட்டது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் இல்லை. திரும்பக் கொண்டுபோனால், "நீங்க ரொம்ப நேரம் ஓட்டுறீங்க சார், லேப்டாப்பை இப்படி யூஸ் பண்ணக் கூடாது" என்றார். காசு வாங்கியபோது சொல்லாத வார்த்தை அது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். அன்று படம் காட்ட முடியாமல் போனதால் அந்த வேலைக்கான மீதிப் பணம் இன்றுவரை வரவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் பங்காளிகள் அதிகம். ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் மலேசியா. டிராயிங் எல்லாருக்கும் வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். பணம் என்று வரும்போது "அண்ணன் குடுப்பாக", "சித்தப்பாகிட்ட கேளுங்க" என்று சுற்றிவிடுவார்கள். "கோடுதானே போட்டிருக்கீங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஏணி போட்டு ஏறி, வௌவால் எச்சத்துக்கு நடுவில் மேல்தளத்து உத்தரங்களை அளந்தவனுக்குத்தான் அந்தக் கோட்டின் அருமை தெரியும். ஆத்தங்குடிக் கல் போடுகிறவருக்கும் தச்சருக்கும் அன்றைய கூலியை அன்றே கொடுக்கிற அதே ஆட்கள், டிராயிங் போடுகிறவனுக்கு மட்டும் ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்? எல்லாரையும் சொல்லவில்லை. முன்பணமாகவே முழுத்தொகையையும் கொடுத்த நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள்.

சரி, சிப்புக்கு வருகிறேன்.

தேவகோட்டையில் செல்போன் போர்டு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று செய்து காட்டினார். சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கைக் கழற்றினார். வெப்பநிலை காட்டும் மீட்டரின் வயரைச் சிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவியைக் குறைத்து வைத்து மெதுவாகச் சூடாக்கி, மீட்டர் 130 டிகிரி காட்டியதும் நிறுத்திவிட்டார். ஆறவிட்டு, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் தடவி, மாட்டி, ஆன் செய்தார். படம் வந்தது, ஒரு கோடு இல்லாமல்.

"அண்ணே, சிப்பைப் போர்டுல பற்றவைக்கிற சால்டர் இருக்குல்ல, ஈயம் கலந்த பழைய சால்டரே 183 டிகிரியிலதான் உருகும். இப்ப வர்ற ஈயமில்லாத சால்டர் உருக ஏறக்குறைய 217 வேணும். நான் 130 தாண்டல. அடியில ஒரு உருண்டைகூட உருகல. அப்ப எதுண்ணே சரியாச்சு?"

பதிலையும் அவரே சொன்னார். கிராபிக்ஸ் சிப் என்று நாம் பார்ப்பது இரண்டு அடுக்கு. மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும் சிலிக்கான் துண்டு. அது கீழே உள்ள பச்சை நிறச் சிறு பலகையின் மேல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சால்டர் புள்ளிகளால் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பச்சைப் பலகை, கொஞ்சம் பெரிய சால்டர் உருண்டைகளால் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கிறது. சூடேறினால் எல்லாமே விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. சிலிக்கானைப் போல ஐந்து மடங்கு வரை அந்தப் பலகை விரிகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட நுண்புள்ளிகள் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு குளிர்ச்சிக்கும் இழுபடுகின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்க இடையில் ஒரு பசை ஊற்றியிருப்பார்கள். அந்தப் பசை சூட்டில் இளகுகிற ரகமாக இருந்தால் புள்ளிகளில் சீக்கிரம் விரிசல் விழும். 130 டிகிரி சூட்டில் விரிசலின் இரண்டு பக்கமும் தற்காலிகமாக ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நாலு முறை சூடாகி ஆறினால் மறுபடி விலகிவிடும். ரீபால் செய்கிறேன் என்று சிப்பைத் தூக்கி அடியில் உள்ள உருண்டைகளை மாற்றினாலும் உள்ளே இருக்கும் நுண்புள்ளிகளை யாரும் தொடுவதில்லை. அந்தச் சூட்டில் அவையும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்வதால் வேலை நடந்த மாதிரி தெரியும்.

சொன்ன மாதிரியே எனக்கு அது மறுபடி போனது. அதற்காக அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

"ரொம்ப நேரம் ஓட்டுறீங்க" என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா கம்பெனியே, தன் லேப்டாப் சிப்களில் சிலவற்றில் பயன்படுத்திய பொருள் பலவீனமானது, அதனால் அவை வழக்கத்தைவிட அதிகம் பழுதாகின்றன என்று சொல்லி, 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை அந்தச் செலவுக்காக ஒதுக்கியது. அமெரிக்காவில் வழக்கு நடந்து 2010இல் சமரசமானது. ஆப்பிள் நிறுவனம் 2015 பிப்ரவரியில், 2011ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோக்களில் படம் சிதறுகிற கோளாறுக்கு இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. அவற்றில் இருந்தவை ஏஎம்டி என்ற இன்னொரு கம்பெனியின் சிப்கள். என் லேப்டாப்போ உங்களுடையதோ இந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் கையிலும் சிப் போகும், அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்ட காலமும் உண்டு என்று சொல்கிறேன்.

"எனக்கு ரீபால் செய்து மூன்று வருடமாக ஓடுகிறது" என்று எழுத வருகிறவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. கீழே விழுந்தோ போர்டு வளைந்தோ அடி உருண்டைகளில்தான் விரிசல் என்றால் ரீபால் உண்மையிலேயே வேலை செய்யும். சூட்டால் போன சிப்புக்குத்தான் அது மருந்து ஆகாது. சர்வீஸ் கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்லவில்லை. "இது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், டேட்டா எடுக்க மட்டும் செய்து தருகிறேன்" என்று சொல்லி வாங்குகிறவர் நேர்மையானவர்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால், படம் வருகிறபோதே உங்கள் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவிடுங்கள். பிறகு, போனது சிப்தானா என்று பாருங்கள். கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் கோடு தெரிந்தால் உங்கள் டிஸ்ப்ளேவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆன் செய்ததும் வரும் கம்பெனி லோகோவிலேயே கோடு இருந்து, வெளி மானிட்டரில் படம் சுத்தமாக இருந்தால் டிஸ்ப்ளேயையோ அதன் கேபிளையோ சந்தேகப்படலாம். அது மிகச் சின்ன வேலை. மானிட்டர் சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். சில லேப்டாப்களில் வெளி மானிட்டரை மாட்டும் ஹெச்டிஎம்ஐ இணைப்பு தனி கிராபிக்ஸ் சிப்பிலிருந்து வரும், சிலவற்றில் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலிருந்து வரும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே கோட் 43 என்ற பிழை எண்ணைக் காட்டினால், டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் காட்டினால் சிப் பக்கம்தான் சந்தேகம் போகும்.

சிப் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றால் சூட்டைக் குறைப்பதுதான் வழி. பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். விசிறியைக் கழற்றி அந்தத் தூசிக் கட்டியை எடுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதியது போடச் சொல்லுங்கள். மெமரி சிப்களின் மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுகளை மாற்றினால், பழையது இருந்த அதே தடிமனில்தான் புதியதும் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் மேலே தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமலே நிற்கும். ஹீட்சிங்க் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எழுதியிருப்பது அந்த வரிசையில் முறுக்கத்தான்.

விண்டோஸ் பவர் அமைப்பில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பல லேப்டாப்களில் பிராசசர் தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும். பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் ஒரே செம்புக் குழாயில்தான் சூட்டை வெளியேற்றுகின்றன, அதனால் ஒன்று குளிர்ந்தால் மற்றதற்கும் நிம்மதி. விளையாட்டில் ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டுப்படுத்துங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்ட வேண்டாம், காற்று கீழிருந்துதான் உள்ளே போகிறது.

சிப் போயேவிட்டது என்றால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற அமைப்புத் திரையில்) வசதி இருந்தால் அங்கேயும், இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரிலும் அதை டிசேபிள் செய்துவிட்டுப் பிராசசர் கிராபிக்ஸில் ஓட்டலாம். என்னுடையது இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது. ஆட்டோகேடில் பிளான் போட, பில் எழுத அது போதும். 3டி வேலைக்குப் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கிவிட்டேன். அதில் கார்டு போனால் கார்டை மட்டும் மாற்றலாம். சிப்பையே மாற்றித் தருகிறேன் என்று கடையில் சொன்னால், புதிய சிப்பா, வேறு போர்டிலிருந்து பிடுங்கியதா என்று கேளுங்கள். என்விடியா சிப்பாக இருந்தால் மேலே ஆண்டும் வாரமும் நாலு இலக்கமாக இருக்கும், 1932 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

லேப்டாப் மாடலையும், ஸ்கிரீன்ஷாட்டில் கோடு தெரிந்ததா இல்லையா என்பதையும் கீழே எழுதினால், அந்த தேவகோட்டைத் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.