இரவு ரயிலா, மலிவு விமானமா?

கேள்வி: பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் இரவு ரயிலில் போக நினைக்கிறேன். எப்போது முன்பதிவு செய்யலாம்?

பதில்: செய்ய முடியாது. பிரான்ஸ் அரசு மானியத்தை நிறுத்தியதால் 2025 டிசம்பரிலேயே அந்த ரயில் நின்றுவிட்டது.

கேள்வி: வியன்னா–ரோம் இரவு ரயிலைவிட விமானம் பாதி விலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில்: விமானத்தில் பெட்டி கொண்டுபோகக் கட்டணம், விமான நிலையத்துக்குப் போகவர ஆகும் செலவு, அந்த ஓர் இரவுக்கு அறை வாடகை. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். அதன் பிறகும் விமானம்தான் மலிவென்றால் தாராளமாகப் பறந்து போங்கள். ரயிலில் சுமார் 14 மணி நேரம் ஆகும். ரயில்தான் என்றால் படுக்கையாக எடுங்கள். கொட்டை எழுத்தில் காட்டும் விலை உட்கார்ந்து போகும் இருக்கைக்கானது. வேறொரு தடத்தில் அதை வாங்கி நான் மிச்சம் பிடித்த பணம், மறுநாள் பகலில் தூங்க எடுத்த ஓட்டல் அறைக்கே போய்விட்டது.

கேள்வி: ‘பாரிஸ்’ என்று பார்த்து மலிவு விமான டிக்கெட் வாங்கினேன். இறங்கிய இடம் போவே. நகரத்துக்குள் வர பஸ்ஸுக்குத் தனியாகப் பணம் அழுதேன். என் கவனக்குறைவா?

பதில்: இல்லவே இல்லை. போவே, பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். ‘பிராங்பர்ட்’ ஹான் விமான நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120. ‘ஸ்டாக்ஹோம்’ ஸ்காவ்ஸ்டா சுமார் 100. ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பவர்களுக்கு அந்த ஊரில் இறக்கிவிடும் பொறுப்பு வேண்டாமா? டிக்கெட்டில் எழுதித்தானே இருக்கிறது என்பார்கள். விலையை எழுதும் அளவுக்கு அதையும் பெரிதாக எழுதட்டுமே! பெரும்பாலும் இரவு ரயில் ஊருக்குள் வந்து நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே என் ஓட்டு அதற்கு. அடுத்த முறை விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: போவேக்கு பி.வி.ஏ., பாரிஸின் பெரிய நிலையத்துக்கு சி.டி.ஜி.

கேள்வி: இரவு ரயில் மூன்று மணி நேரம் தாமதம். தனியாக வாங்கியிருந்த விமானத்தைத் தவறவிட்டேன். ரயில் நிறுவனம் வவுச்சர் தருகிறதாம்.

பதில்: இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளுக்கு இடையே மூன்று மணி நேரம்கூட விடாதது உங்கள் துணிச்சல். விமானப் பணத்தை மறந்துவிடுங்கள். ரயில் கட்டணத்தில் பாதியை விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 60 நிமிடத் தாமதத்துக்குக் கால் பங்கு, 120 நிமிடம் ஆகிவிட்டால் அரைப் பங்கு. வவுச்சர் வேண்டாம், பணமாக வேண்டும் என்று எழுதிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். விமானம் இதேபோல் தாமதித்திருந்தால், 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ, டிக்கெட் விலை எதுவானாலும். கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு.

கேள்வி: ஐரோப்பாவில் பல நாட்டு ரயில்களில் போக உதவும் யூரெயில் பாஸ் இருந்தும் இரவு ரயிலில் படுக்கைக்குத் தனிப் பணம் கேட்டார்கள். சரியா?

பதில்: சரிதான். பாஸ் பயணத்துக்கு மட்டும், படுக்கைக்கு அல்ல.