பதின்மூன்று அறைகள்

அன்புள்ள ஐயா,

சீன மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பொக்கிஷக் கப்பல்கள் 400 அடிக்கும் மேல் நீளம் என்று படித்தேன். மரத்தில் அவ்வளவு பெரிய கப்பல் கட்ட முடியுமா? கொலம்பஸுக்கு முன்பே அவர் அமெரிக்கா போய்விட்டார் என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அமெரிக்காவை விடுங்கள். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். கோழிக்கோடு, ஹொர்முஸ், ஏடன், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை: ஆதாரம் அதோடு நிற்கிறது. மிங் வரலாற்று நூலில் உள்ள 44 ஜாங் (சீன நீள அளவு; 400 அடிக்கும் மேல்) நீளத்தையும் நான் நம்பவில்லை. அவ்வளவு நீள மரக்கப்பலின் நடுவை அலை தூக்கினால் இரு முனையும் தொங்கும், பலகை மூட்டு வாய் பிளக்கும்.

ஆனால் எல்லோரும் ஏன் நீளத்தையே கேட்கிறீர்கள்? இத்தனை ஆசையாகப் படிக்கிறவர் அதை முழக்கோலில் வீணடிக்கலாமா? கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவது வேறு கப்பல். 1974-இல் சீனத் துறைமுக நகரமான சுவான்சௌவில் சேற்றிலிருந்து எடுத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டு, சோங் அரச வம்சக் காலம். மிஞ்சியது 24 மீட்டர்தான். உள்ளே வாசனைக் கட்டை, மிளகு. 12 குறுக்குத் தடுப்பு, 13 அறை: ஓரறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவற்றுக்குப் போகாமலிருக்க. கப்பலின் அடி முதுகெலும்பான ஏராக்கட்டையின் மூட்டுக்குள் தச்சர்கள் ஒரு வெண்கலக் கண்ணாடியையும் நாணயங்களையும் ஒளித்து வைத்திருந்தார்கள்.

பலகையைக் குறுக்கே அடித்துவிட்டால் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். தடுக்காது. கடலில் கப்பல் உடம்பு முறுக்கிக்கொண்டே இருக்கும். தடுப்பு பக்கப்பலகையைத் தொடும் இடத்தில்தான் முதலில் கசியும். அங்கேதான் கலப்பற்று, அதாவது மூட்டு இடுக்கை அடைக்கும் வேலை. சணல் நார், சுண்ணாம்பு, துங் மரக் கொட்டையின் எண்ணெய் மூன்றையும் ஒன்றாக இடித்து, உளியால் மூட்டுக்குள் திணிப்பார்கள். துங் எண்ணெய் தானே இறுகும், தண்ணீரில் கரையாது. நார் இல்லாவிட்டால் இறுகிய பற்று வெடித்து உதிரும்.

இன்னொன்று. தடுப்புகளின் அடியில், ஏராக்கட்டையை ஒட்டி, சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அன்றாடக் கசிவு அதன் வழியே ஓடி ஒரே இடத்தில் சேரும், அங்கிருந்து இறைத்துக்கொட்டலாம். பாறை குத்திவிட்டால் துளையை அடைக்க வேண்டும். அடைக்கப் பிந்தினால் ஓரறைத் தண்ணீர் அடுத்த அறைக்கும் போகும். துளையே இல்லாத பெட்டிகள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கப்பலைப் பார்க்கவே இல்லை.

2010-இல் யுனெஸ்கோ, தண்ணீர் புகாத தடுப்பறைகளோடு மரக்கப்பல் கட்டும் இந்தச் சீனத் தொழிலை அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இரும்புக் கப்பல் வந்தபின் மரக்கப்பல் கேட்டு வருவோர் குறைந்துவிட்டார்கள். கைப்பழக்கம் சில மூத்த தச்சர்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது.