மூன்று பாக்கி – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

நான் பெருந்துறைக்காரன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை முடிந்து வந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு கணினியில் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாடுவது வழக்கம். கதையை முடித்து, ‘பெஸ்ட் இன் தி வெஸ்ட்’ என்னும் நூறு சதவீத அச்சீவ்மென்ட்டையும் (குறிப்பிட்ட இலக்கை முடித்தால் விளையாட்டு தரும் சாதனைச் சின்னம்) வாங்கிவிட்டேன். மொத்தப் பட்டியலில் இப்போது மூன்றுதான் பாக்கி: எல்லா விலங்குகளையும் பார்த்துப் பதிவு செய்யும் ‘ஜூவாலஜிஸ்ட்’, கதையில் வரும் மிஷன் என்னும் தனித்தனிப் பணிகளில் 70 தங்கப் பதக்கங்கள் கேட்கும் ‘கோல்டு ரஷ்’, ஆன்லைனில் 50-ஆம் ரேங்க். “பகலெல்லாம் டார்கெட், ராத்திரியிலும் டார்கெட்டுங்களா மாப்பிள்ளை?” என்கிறார் என் மச்சான். பதில் சொல்லத் தெரியவில்லை. இவற்றையும் முடிப்பதில் ஏதாவது பொருள் உண்டா? கைடு (பிறர் எழுதிய வழிகாட்டி) பார்த்து முடித்தால் அது என் சாதனை ஆகுமா?

ஒரு வாசகர், பெருந்துறை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மச்சானின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்காவது எண்ணிக்கை ஏற ஏறக் கூலி ஏறும். எண்ணிக்கையை மட்டுமே கேட்கும் அச்சீவ்மென்ட்டில் அதுவும் கிடையாது. 2007-இல் வந்த முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’ விளையாட்டில் 420 கொடிகளை ஒளித்து வைத்திருந்தார்கள்: மஸ்யாஃபில் 20, டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம், இடையிலுள்ள நாட்டுப்புறம் ஆகியவற்றில் நூறு நூறாக மீதி. வரைபடம் அவை இருக்கும் இடத்தைக் காட்டாது. எடுத்தால் கதை ஓர் அங்குலம் நகராது. கொடியிலும் பார்க்க ஒன்றுமில்லை. 2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ விளையாட்டிலும் பொறுக்குகிற வேலை உண்டு. ஆனால், நியூயார்க் முழுவதும் வலையால் ஒட்டிவைத்த அந்த 55 பைகள் ஒவ்வொன்றிலும் பீட்டர் பார்க்கரின் பழைய நாட்களைச் சேர்ந்த ஏதோ ஒரு பொருளும், அதைப் பற்றி அவன் சொல்லும் ஓரிரு வரிகளும் இருந்ததால், ஐம்பதாவது பையைத் திறக்கும்போதும் உள்ளே என்ன என்ற ஆவல் எனக்கு மிச்சமிருந்தது. ஆகவே எல்லாவற்றையும் முடிக்கலாமா என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வோர் அச்சீவ்மென்ட்டும் உங்களை என்ன செய்ய வைக்கிறது என்று தனித்தனியே பாருங்கள்.

‘ஜூவாலஜிஸ்ட்’டை நீங்கள் விடுவதற்கு நான் ஒப்பமாட்டேன். 1899-இல் நடக்கும் ஒரு துப்பாக்கிக் கதையில், விலங்கைச் சுடாமல் நின்று பார்க்கச் சொல்லும் வேலை அது. நம் வாடையைக் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று கவனித்துப் பதுங்கி, பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அது மிரண்டு ஓடுவதற்குள் பதிவை முடிக்க வேண்டும். குதிரையில் பாய்ந்து போனபோது வெறும் சலசலப்பாகக் கேட்ட புதரில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் தெரிய வரும். விளையாட்டில் வரும் லெமாய்ன் என்னும் பகுதியின் சதுப்பு நிலத்தில் பச்சை உடலும் மஞ்சள் தலையுமாகத் திரியும் கரோலைனா கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உண்மையாகவே கூட்டங்கூட்டமாக இருந்த பறவை அது. தோப்பில் பழத்தைத் தின்கிறதென்று விவசாயிகள் சுட்டார்கள். தொப்பியில் செருக இறகு வேண்டுமென்று மற்றவர்கள் சுட்டார்கள். ஒன்று அடிபட்டு விழுந்தால் மற்றவை தப்பிப் போகாமல் அதைச் சுற்றியே திரும்பத் திரும்ப வரும் என்பதால், சுடுகிறவர்களுக்கு வேலை எளிதாகப் போயிற்று. கூண்டில் எஞ்சியிருந்த கடைசிக் கிளி 1918 பிப்ரவரியில் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. விளையாட்டிலும் இந்தக் கிளிகள் அளவாகத்தான் உண்டு. சுட்டுத் தீர்த்துவிட்டால் மற்ற பறவைகளைப் போலத் திரும்ப வராது. கதையை மட்டும் ஓட்டி முடிப்பவர் இதைக் கவனிக்காமலே போய்விடக்கூடும். (வெள்ளோடு ஏரி உங்களுக்குப் பக்கம்தானே? விளையாட்டில் கூழைக்கடாவைப் பதிவு செய்த கையோடு அங்கேயும் ஒருநாள் காலையில் போய் வாருங்கள். அதற்கு அச்சீவ்மென்ட் கிடையாது.)

‘கோல்டு ரஷ்’ என்னைப் பொறுத்தவரை இரண்டுங்கெட்டான். இத்தனை நிமிடத்துக்குள் முடி, இத்தனை பேரைத் தலையில் சுடு, உடல்நலம் ஏற்றும் பொருளைத் தொடாதே என்று அது கேட்கும் நிபந்தனைகள் உங்கள் கைத்திறனைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குதிரைகள் மெல்ல நடக்க, ஆட்கள் பழங்கதை பேசிக்கொண்டு போவதற்காகவே எழுதப்பட்ட ஒரு கதையைக் கடிகாரம் பிடித்து ஓட்டச் சொல்வது, அதை எழுதியவர்களே அதற்குச் செய்த அநியாயம். நல்லவேளையாக, முடித்த மிஷன்களை மெனுவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப விளையாடலாம். மிஷன்கள் எழுபதுக்கும் மேல் இருப்பதால் பிடிக்காதவற்றை ஒதுக்கியும் வைக்கலாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

ஐம்பதாம் ரேங்க்கை விட்டுவிடுங்கள். கூட விளையாட நண்பர்கள் இருந்தால் அது தானாக வந்து சேரும். இல்லையென்றால் அது வெறும் நேரக் கணக்கு. ஆன்லைனை நம்பும் அச்சீவ்மென்ட்டுகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. 2010-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் பிரதர்ஹுட்’ விளையாட்டின் ஆன்லைன் சேவையை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2022 அக்டோபரில் நிறுத்தியது. அதன் ஆன்லைன் ட்ராஃபிகளை (பிளேஸ்டேஷனில் அச்சீவ்மென்ட்டுக்கு அதுதான் பெயர்) அதற்குள் வாங்காதவர்கள் இனி எவ்வளவு திறமை காட்டினாலும், எல்லாவற்றையும் முடித்தால் கிடைக்கும் பிளாட்டினம் ட்ராஃபியை வாங்க முடியாது. கம்பெனி ஒரு சுவிட்சை அணைத்தால் கைவிட்டுப் போகிற ஒன்றை நம் குறையாக எண்ணி வருந்த வேண்டியதில்லை.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். 1980-களின் தொடக்கத்தில் ‘பிட்ஃபால்’ விளையாட்டில் 20,000 புள்ளிகள் எடுத்தவர்கள், டிவித் திரையைப் படம்பிடித்து ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச் சின்னம் திரும்பி வரும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அன்றும் சரி, இன்றும் சரி, செய்தாயா என்பதற்குத்தான் சான்று, எப்படிச் செய்தாய் என்பதற்கு இல்லை. எனவே இதை வேலையின் தன்மையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தங்கப் பதக்க நிபந்தனைகளில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அவற்றை முதலிலேயே கைடில் பார்த்துக்கொள்ளுங்கள். விலங்குகளில் தேடுவதுதான் விளையாட்டே என்பதால், கடைசியில் நாலைந்து மட்டும் பிடிபடாமல் இழுத்தடிக்கும் வரை கைடைத் திறக்க வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: கில்லா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியைத் தேடி வேறெங்கும் அலையாதீர்கள். அது விளையாட்டின் நியூ ஆஸ்டின் என்னும் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே நிம்மதியாகச் சுற்ற, கதையின் பின்னுரைப் பகுதி வரை பொறுத்திருக்க வேண்டும்.

அன்புடன்.