புலியில் எத்தனை வகை? பூனைக் குடும்பத்தின் வகைப்பாடு: கேள்வி பதில்

புலி, சிங்கம், சிறுத்தை எல்லாம் அடங்கிய பூனைக் குடும்பத்தை எப்படி இனம் பிரிக்கிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆசிரியை, திண்டுக்கல்: புலியில் ஒன்பது துணையினம் என்று படித்தோம். இப்போது இரண்டுதான் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது சார்?

இரண்டையும் சொல்லுங்கள், காரணத்தோடு. துணையினம் என்றால் ஒரே இனத்துக்குள் பிரிக்கும் உட்பிரிவு. பழைய பெயர்களில் பல, கையில் கிடைத்த சில தோல்களையும் மண்டையோடுகளையும் வைத்துக் கொடுக்கப்பட்டவை. ஒரு புலி பெரியது, இன்னொன்று வெளிர் நிறம், இன்னொன்றுக்கு வரி நெருக்கம் என்று பார்த்துத் தனிப் பெயர் வைத்தார்கள். ஆனால் ஒரே காட்டுப் புலிகளுக்குள்ளேயே இந்த வேறுபாடுகள் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே போகப் போக உடலளவும் ரோமமும் படிப்படியாக மாறும், எங்கே கோடு போடுவது? காஸ்பியன் கடலோரம் வாழ்ந்து அழிந்த புலியையும் ரஷ்யாவின் அமூர் புலியையும் 2009இல் ஒப்பிட்டார்கள். தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில், ஆராய்ந்த பகுதியில், ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஜாவா, பாலித் தீவுப் புலிகள் அப்படியல்ல. மண்டையோட்டைத் திருப்பிப் பின்புறம் பார்த்தால், கழுத்துத் தசை பற்றும் எலும்புப் பகுதி ஒடுங்கியிருக்கும். ஆசியப் பெருநிலத்தில் வாழும் கண்டத்துப் புலிகளுக்கு அது அகலம். இதையெல்லாம் எடைபோட்டுத்தான் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயுசிஎன்னின் பூனை வல்லுநர் குழு 2017இல் கண்டத்துப் புலி ஒன்று, சுமத்ரா, ஜாவா, பாலி சேர்ந்த தீவுப் புலி ஒன்று என இரண்டாகச் சுருக்கியது.

அப்புறம் 2018இல் 32 புலிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஆய்வு வந்தது. அதில் வங்கம், அமூர், தென்சீனம், இந்தோசீனம், மலாயா, சுமத்ரா என ஆறு கூட்டங்கள் தெளிவாகப் பிரிந்து நின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 1,10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்றும் அந்த ஆய்வு கணித்தது. வேறுபாடு இருக்கிறதா என்பதில் சண்டை இல்லை. எவ்வளவு வேறுபாடு இருந்தால் தனிப்பெயர் கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை. பெயருக்கு இரண்டு போதும், பாதுகாப்புக்கு ஆறையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கல்லூரி மாணவர், கோவை: அப்படியென்றால் எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்?

உடலமைப்பு, மரபணு, வாழிடத்தின் புவியியல் வரலாறு, இந்த மூன்றையும் வைத்து. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் உறுதி. ஒன்று மட்டும் சொன்னால் சந்தேகம். பூனை வல்லுநர் குழுவின் 2017 அறிக்கையில் ஒவ்வொரு முடிவுக்கும் போக்குவரத்து விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு எவ்வளவு நம்பலாம் என்று காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்றும் பொருந்திவந்த நல்ல உதாரணம் மேகச் சிறுத்தை. 2006 வரை ஒரே இனம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். தோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் கண்ணுக்கே தெரிகிறது. கண்டத்து விலங்குக்கு மேகத்திட்டுகள் பெரிது, உள்ளே புள்ளிகள் குறைவு. போர்னியோ, சுமத்ரா விலங்குக்குத் திட்டுகள் சிறிது, உள்ளே புள்ளிகள் அதிகம், உடலும் சாம்பல் தூக்கலாக இருக்கும். மரபணுவும் அதையே சொன்னது, நடுவில் கடலும் இருக்கிறது. இப்போது இரண்டும் தனித்தனி இனங்கள்.

கூடலூர் வாசகர்: எங்கள் பக்கம் கருஞ்சிறுத்தை நடமாடுகிறது. அது தனி இனமா?

இல்லை. சாதாரணச் சிறுத்தைதான். ஒரு மரபணு மாற்றத்தால் கறுப்பு நிறம் வருகிறது. சாய்வெயிலில் பார்த்தால் உள்ளே பழைய புள்ளிகள் தெரியும். ஒரே ஈற்றில் கறுப்புக் குட்டியும் புள்ளிக் குட்டியும் பிறக்கலாம். வெள்ளைப் புலிக்கும் இதே பதில்.

நிறத்தை நம்பி அறிஞர்களே ஏமாந்திருக்கிறார்கள். முதுகில் தடித்த கருங்கோடுகள் ஓடும் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) 1927இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக் தனி இனமாகப் பெயர் சூட்டினார். 1981இல் தென்னாப்பிரிக்காவின் டி வில்ட் சிவிங்கிப்புலி வளர்ப்பு மையத்தில் சாதாரணத் தாய்க்கே அப்படியொரு குட்டி பிறந்தது. காரணம் டாக்பெப் என்ற மரபணு என்று 2012இல் தெரிந்தது. ஒடிசாவின் சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுத்துத் தெரியும் புலிகளிலும் அதே மரபணுவில்தான் மாற்றம். பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ் ஆய்வாளர்கள் 2021இல் அதை வெளியிட்டார்கள்.

மட்டக்களப்பு வாசகர்: அண்ணா, எங்கட இலங்கைச் சிறுத்தை தனி வகை எண்டு சொல்லுறது சரியா?

சரிதான். 1956இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல பெயரிட்ட துணையினம் அது. மற்ற பல பெயர்கள் அடிபட்டுப்போன 2017 திருத்தத்திலும் அது தாக்குப்பிடித்தது. இன்று இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை, சிறுத்தைதான் தலைமை வேட்டையாடி.

சென்னை வாசகர்: சிங்கமும் புலியும் கலந்து குட்டி பிறக்கிறதே, இரண்டும் ஒரே இனமா?

அது மனிதன் கூண்டில் சேர்த்துவைத்ததால் நடப்பது. ஆண் குட்டிகளுக்கு இனப்பெருக்கத் திறன் இருக்காது. இரண்டும் ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு), ஆனால் வேறு வேறு இனம்.

வழக்கறிஞர், மதுரை: பெயர் மாறினால் காட்டில் இருக்கும் விலங்குக்கு என்ன?

நிறைய. உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியை இந்தியாவுக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது, அது இந்தியாவில் வாழ்ந்த துணையினம் அல்ல என்பது உச்ச நீதிமன்றத்தில் பெரிய வாதமானது. 2013இல் அந்தத் திட்டத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020இல் சோதனை முயற்சியாக அனுமதித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. ஆசியத் துணையினம் இன்று ஈரானில் மட்டும், மிகச் சிறு எண்ணிக்கையில் இருக்கிறது. அங்கிருந்து எடுப்பது அதை அழிப்பதாகும்.

வேறுபாட்டை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டால் எதிர்த்திசையிலும் ஆபத்து. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மிஞ்சிய சில பத்துப் பூமாக்கள் (அமெரிக்கக் கண்டங்களின் பெரிய காட்டுப்பூனை) நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி, வளைந்த வால், இதயக் கோளாறு, ஆண்களுக்கு விரை இறங்காமை என்று நலிந்தன. தனித் துணையினம் என்று சொல்லி அப்படியே விட்டிருந்தால் அழிந்துபோயிருக்கும். 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகள் தேறின, எண்ணிக்கை ஏறியது. 2017 திருத்தத்தில் வட அமெரிக்கப் பூமாக்கள் எல்லாம் ஒரே துணையினத்துக்குள் வந்துவிட்டன.