காலையில் பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் உடனே ஆன் ஆவதில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

மதர்போர்டுக்கு இப்போதைக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். ஃபார்மட்டும் அடிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத்தான்.

நீங்கள் எழுதியிருப்பது இது: அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. ஏழு வருடப் பழைய டெஸ்க்டாப். காலையில் கடை திறந்து பிளக் சுவிட்சைப் போட்டு பட்டனை அமுக்கினால் ஃபேன் கூடச் சுற்றுவதில்லை. கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அமுக்கினால் ஆன் ஆகிறது. அதற்கப்புறம் ராத்திரி வரை ஒரு தொந்தரவும் இல்லை. மதியம் ஷட் டவுன் செய்துவிட்டுச் சாப்பிட்டு வந்து அமுக்கினாலும் உடனே ஆன் ஆகிறது. ஒரு சர்வீஸ் கடையில் மதர்போர்டு மாற்றச் சொன்னார்கள், இன்னொருவர் விண்டோஸ் புதிதாகப் போடச் சொன்னார்.

விண்டோஸைப் பற்றிய பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். ஃபேன் சுற்றாத நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கும் ஓடவில்லை, விண்டோஸும் ஓடவில்லை. ஓடாத ஒன்றை ஃபார்மட் அடித்து என்ன ஆகப்போகிறது? இந்தப் பிரச்சினையில் நேரம் எந்த இடத்தில் போகிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை. பட்டனை அமுக்கியதில் இருந்து ஃபேன் சுற்றும் வரை போகும் நேரம் கரண்ட் சம்பந்தப்பட்டது. ஃபேன் சுற்றி, திரையில் கம்பெனி படம் வரும் வரை போகும் நேரம் மதர்போர்டு, ராம், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டிலேயே ஓடும் சின்ன புரோகிராம்) சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு போகும் நேரம்தான் விண்டோஸ் கணக்கில் வரும். உங்களுடையது முதல் வகை.

எஸ்எம்பிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். பிளக் சுவிட்சைப் போட்டதுமே, கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டாலும், எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு சின்னப் பகுதி விழித்துக்கொண்டு ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் கொடுக்கும். இதை ஸ்டாண்ட்பை என்பார்கள். நீங்கள் பட்டனை அமுக்குவதை மதர்போர்டு உணர்வதே அந்த 5 வோல்ட்டால்தான். உணர்ந்ததும் அது பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு, அதாவது கிரவுண்டோடு, இணைக்கும். அப்போதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பகுதி 12, 5, 3.3 வோல்ட்டுகளைக் கொடுக்கத் தொடங்கும். எல்லாம் சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று சாம்பல் நிற ஒயர் வழியாகச் சொன்ன பிறகுதான் பிராசஸர் வேலையை ஆரம்பிக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இது அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

ஸ்டாண்ட்பை பகுதியில் சின்னச் சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள், அதாவது கரண்டைத் தேக்கிக் கொடுக்கும் உருளைகள், இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் உண்டு. வருடக்கணக்கில் சூட்டில் இருந்து இருந்து அது காய்ந்துபோகும். காய்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது சரியாக வேலை செய்யாது, கொஞ்சம் சூடேறியதும் ஓரளவு செய்யும். நீங்கள் சுவிட்சைப் போட்டுக் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் உள்ளே நடப்பது இந்தச் சூடேறல்தான். ஃபுட்வால்வு ஒழுகும் பம்ப்செட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஸ்டார்ட் செய்கிறோமே, அதே நிலைமை. மதியம் உடனே ஆன் ஆவதற்குக் காரணம், பெட்டி இன்னும் ஆறவில்லை என்பதுதான். மார்கழிக் காலையில் இந்தத் தொல்லை கூடி, சித்திரையில் குறைந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

வள்ளியூர் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இதே குறை. அவர்கள் ராத்திரி பிளக் சுவிட்சை அணைக்காமல் விட்டுப் பார்த்தார்கள், காலையில் உடனே ஆன் ஆனது. அதனால் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைக் கேட்டதும் பதற்றமாக இருந்தது. உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, ஆள் இல்லாத பூட்டிய கடையில் இரவு முழுக்க 230 வோல்ட்டில் விட்டுவைப்பது நல்லதில்லை. ஸ்டாண்ட்பை பகுதி முழுதாகப் போகும்போது சில மலிவு எஸ்எம்பிஎஸ்களில் 5 வோல்ட் அளவு தாண்டி ஏறி, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஸ்டுடியோவில் எத்தனை பேருடைய கல்யாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். உங்கள் கடையிலும் வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் இருக்கும். இன்றைக்கே அவற்றை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். மற்ற சோதனையெல்லாம் அதற்கப்புறம்.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதலில் யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் ஒயரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஒரு காலை பாருங்கள். ஸ்பைக் பஸ்டரின் சுவிட்ச் உள்ளே கருகி, தொட்டும் தொடாமலும் கரண்ட் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அடுத்த நாள் காலை பிளக் சுவிட்சைப் போட்டதும் பட்டனை அமுக்காமல் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஸ்டாண்ட்பை வந்ததும் நெட் கேபிள் மாட்டும் இடத்தில் விளக்கு எரியும், சிலவற்றில் மவுஸ் அடியில் சிவப்பு வெளிச்சம் வரும், சில போர்டுகளில் உள்ளேயே ஒரு சின்ன விளக்கு இருக்கும். மதியம் எரியும் விளக்கு காலையில் எரியவில்லை, அல்லது மினுக்மினுக்கென்று துடிக்கிறது என்றால் வேறு எங்கேயும் தேட வேண்டியதில்லை.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஊதா ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம். காலையில் 4 வோல்ட் பக்கம் காட்டி, நேரம் ஆக ஆக மெல்ல ஏறினால் அதுதான் நோய்.

பட்டனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். பட்டனில் இருந்து வரும் ஒயரை மதர்போர்டில் இருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களில் ரீசெட் பட்டனின் ஒயரை மாட்டுங்கள். இப்போது ரீசெட்டை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஆன் ஆக வேண்டும். இப்படி மாற்றியதும் குறை தீர்ந்துவிட்டால் பட்டன்தான் கெட்டது, ரீசெட் பட்டனையே காலத்துக்கும் பயன்படுத்தலாம், செலவே இல்லை. ஆனால் பட்டன் கெட்டிருந்தால் நேரம் காலம் பார்க்காமல் மதியமும் தகராறு செய்யும். உங்களுக்கு அப்படி இல்லை என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

முடிவான சோதனை, வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. சர்வீஸ் கடையில் கட்டாயம் ஒன்று இருக்கும். ராத்திரி மாட்டிவிட்டு, பிளக்கை அணைத்துவிட்டு, காலையில் பார்க்க வேண்டும். கடையில் மாட்டிய உடனே ஆன் செய்து பார்ப்பது இந்தக் குறைக்குப் போதாது. இரவல் எஸ்எம்பிஎஸ்ஸிலும் காலையில் அதே தகராறு என்றால், மதர்போர்டு மாற்றச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்போது போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு போய்விட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். பின்னால் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அதையும் தொட வேண்டாம். நம் ஊர் கரண்டுக்கு அதை 115-இல் வைத்தால் அடுத்த நொடி வெடிக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலருக்கு ஃபேன் உடனே சுற்றி, திரை மட்டும் வெகுநேரம் கறுப்பாக இருக்கும். அது வேறு கதை. ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க் சாகும் நிலையில் இருந்தாலும் பயாஸ் அதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும். டிடிஆர்5 ராம் உள்ள புதிய கம்ப்யூட்டர்களில், ராம் மாற்றிய பிறகோ பயாஸ் ரீசெட் ஆன பிறகோ முதல் தடவை சில நிமிடங்கள் திரை வராமல் இருப்பது இயல்பு. பதறி நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

தினமும் தேதி, நேரம் பழையதாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கும். நம் வீடுகளில் இரவில் பிளக் சுவிட்சை அணைத்துவிடுவது வழக்கம். அணைத்த நேரமெல்லாம் கடிகாரம் அந்த பேட்டரியைத்தான் தின்னும், அதனால் சீக்கிரம் தீரும். அதற்காக அணைக்கும் வழக்கத்தை விட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் கருகும் போர்டுகளுக்கு முன்னால் ஒரு பேட்டரி செலவு பெரிதில்லை.

ஏழு வருடத்தில் எஸ்எம்பிஎஸ் ஏன் இப்படி ஆகிறது என்றால், சூடுதான் காரணம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் ஒரு பொதுவான கணக்கு. சூடு ஏறுவது தூசியால். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று செங்கோட்டையில் இருந்து பணகுடி வரை எந்தக் கடையையும் விடாது. திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண் கேபினெட்டுக்குள் அப்பிக்கிடக்கும், உவரியில் உப்புக்காற்று பின்களைப் பச்சையாக்கும். உங்கள் கடையில் பேப்பர் தூளும் டோனர் தூளும் சேர்ந்திருக்கும். ஆடி முடிந்ததும் வருடம் ஒருமுறை கேபினெட்டை வெளியே எடுத்து வந்து, ஃபேன் சுற்றாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். கம்ப்யூட்டர் மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியில் 450 வாட்ஸ் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 80 பிளஸ் முத்திரை (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளதாக, மூன்று வருடமாவது வாரண்டி உள்ளதாகப் பாருங்கள். கையில் தூக்கினால் காகிதப் பெட்டி போல இருப்பதை வாங்க வேண்டாம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத டைப்பிங் கடைக் கம்ப்யூட்டருக்கு 450 வாட்ஸ் தாராளம். பழைய மதர்போர்டை மாற்றப் போனால் பிராசஸர், ராம் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும்படி ஆகும், அதோடு பார்த்தால் இது சின்னச் செலவு.

அப்புறம், கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் இரும்பில் நிற்கிறது. புதிய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ஒயரைச் சரிசெய்துவிடுங்கள்.