எலக்ட்ரீஷியன் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. தம்பி ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டான், காண்ட்ராக்டர் மூலமாகத் தொழிற்சாலை வேலையும் வந்திருக்கிறது, ஆனால் கரண்ட் வேலைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துவிடலாம். 60 வாட் குண்டு பல்பு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கிறது.

அதற்காக இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஹெல்மெட், கையுறை தருவார்களா என்று பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். கேளுங்கள். ஆனால் பையனுக்கு வேலையைக் கற்றுத்தருவது யார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

பேனலில், அதாவது மின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், ஒரு காண்டாக்டரை (மோட்டார் போன்றவற்றுக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரைகுறையாகத் தெரிந்தவன் மெயினை ஆஃப் செய்துவிட்டுக் கையை வைப்பான். தேர்ந்தவர் லைனை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை ஆஃப் செய்து, வேறு யாரும் ஆன் செய்துவிடாதபடி தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். அப்புறம் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு மூன்று பேஸையும் நியூட்ரலையும் சோதிப்பார். மறுபடி கரண்ட் உள்ள இடத்துக்கே போய் டெஸ்டரைச் சோதிப்பார். நடுவில் அது பழுதாகியிருந்தால், உயிருள்ள லைனைச் செத்த லைன் என்றல்லவா நம்பிவிடுவார்! மெயினை ஆஃப் செய்தாலும் ஜெனரேட்டரிலிருந்து ரிட்டர்ன் சப்ளையாகக் கரண்ட் திரும்பி வரலாம். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் ஆஃப் செய்த பிறகும் சார்ஜ் நிற்கும். தம்பி இதையெல்லாம் படித்திருப்பான். கைப்பழக்கமாவதற்கு ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே சேரும் முன்பே தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள்: முதல் சில மாதம் யாருக்குக் கீழே வேலை? அவரிடம் வயர்மேன் அல்லது சூப்பர்வைசர் சான்றிதழ் இருக்கிறதா? எந்தெந்த வேலையைத் தனியாகத் தொடக்கூடாது? "அதெல்லாம் போகப்போகத் தெரிஞ்சுக்கலாம்" என்று பதில் வந்தால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதைவிட 1961 ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) சேருவது மேல். உதவித்தொகை குறைவுதான், ஆனால் வேலை கற்றுத்தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. முடித்துத் தேறினால் தேசியச் சான்றிதழும் உண்டு.

இன்னொன்று, இது வீட்டுக்கு. "ரெண்டு வருஷம் படிச்சும் இது தெரியாதா?" என்று யாரும் அவனைக் கேட்க வேண்டாம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல பையன்கள் தெரியாத பேனலைத் திறக்கிறார்கள். "எனக்குத் தெரியாதுண்ணே, ஒருமுறை காட்டுங்க" என்று கூச்சப்படாமல் கேட்க அவனைப் பழக்குங்கள்.