வெளியே வந்த பிறகுதான் முதிர்கிறது: எச்.ஐ.வி. துகள் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறேன். ரெட்ரோவைரஸ் (தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிச் செல்லின் டி.என்.ஏ.வில் சேர்த்துவிடும் வைரஸ்) பற்றிக் கேளுங்கள் என்றதும் கடலூர், புதுவைப் பக்கத்திலிருந்து நிறையவே வந்துவிட்டன. சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். உதாரணம் எல்லாமே எச்.ஐ.வி.-1தான்.

வில்லியனூர் மாணவி: சார், வைரஸ் துகளுக்கான புரதங்களைத் தனித்தனியாகச் செய்யாமல் எதற்கு ஒரே சங்கிலியாகச் செய்துவிட்டு அப்புறம் வெட்டவேண்டும்?

தனித்தனியாகச் செய்தால் செல்லுக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்மா, எல்லாவற்றையும் சரியான அளவில் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. காக் என்ற சங்கிலியில் மேட்ரிக்ஸ், கேப்சிட், நியூக்ளியோகேப்சிட், பி6 என்ற புரதங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். மேட்ரிக்ஸின் முனையில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு ஒட்டியிருப்பதால் அந்த முனை செல் சவ்வின் உட்புறத்தில் பதிந்துகொள்ளும். கேப்சிட் பகுதி பக்கத்துச் சங்கிலிகளோடு ஆறு ஆறாகச் சேரும். நியூக்ளியோகேப்சிட் துத்தநாகம் பிடித்த இரண்டு மடிப்புகளால் வைரஸின் சொந்த ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் உள்ள பி6, செல்லின் எஸ்கார்ட் புரதங்களைக் கூப்பிட்டு, மொட்டாகப் புடைத்த துகளைச் சவ்விலிருந்து அறுத்துவிட வைக்கும். பண்ருட்டிப் பலாவைக் குறுக்கே வெட்டினால் சுளைகள் ஒரு முனை தோலிலும் மறுமுனை நடுத்தண்டிலுமாக நிற்குமே, முதிராத துகளில் ஏறத்தாழ 2,500 காக் சங்கிலிகள் அப்படித்தான் நிற்கின்றன.

கடலூர் முதுநகர்: சங்கிலியை வெட்டுகிற நொதியான புரோட்டியேஸையே வெட்டி எடுக்கவேண்டும் என்றால் முதல் வெட்டை யார் போடுவது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் ஐயா. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம், காக் சங்கிலிக்கான ஆர்.என்.ஏ. செய்தியைப் படித்துக்கொண்டே வரும்போது, ஏறக்குறைய 20 தடவைக்கு ஒரு தடவை, ஓர் எழுத்து பின்னால் வழுக்கிவிடும். அப்போது நிறுத்தக்குறி கண்ணில் படாமல் போய் காக்-போல் என்ற நீளமான சங்கிலி வரும், புரோட்டியேஸ் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சங்கிலியில் இருப்பது பாதி நொதிதான். 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பாதிகள் சேர்ந்து, ஆளுக்கோர் அஸ்பார்டிக் அமிலத்தை (25ஆம் இடத்தில் உள்ளது) நடுவில் கொண்டுவந்து வைத்தால்தான் வெட்டும் குழி உருவாகும். சவ்வில் கூட்டம் நெருக்கும்போது இரண்டு பாதிகளும் சந்தித்து, முதலில் தன் சங்கிலியையே வெட்டிக்கொள்ளும்.

பாகூர்: சீக்கிரமே வெட்டிவிட்டால் வைரஸுக்கு லாபம்தானே?

நஷ்டம். சோதனைச்சாலையில் இரண்டு பாதிகளையும் செயற்கையாக ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார்கள், செல்லுக்குள்ளேயே காக் துண்டாகி, துகள் உருவாவதே நின்றுபோனது. என்னைக் கேட்டால் இந்த நேரக்கணக்குதான் மொத்த விஷயமும். வெட்டுகளுக்குள்ளும் வரிசை உண்டு: நியூக்ளியோகேப்சிட்டுக்கு முன்னால் உள்ள இணைப்பு முதலில் போகும், கேப்சிட்டின் வாலில் தொங்கும் எஸ்.பி.1 என்ற சின்னத் துண்டு கடைசி வரிசையில்தான் கழலும். அது கழன்றதும் பழைய கட்டு குலைந்து, சுமார் 1,500 கேப்சிட் புரதங்கள் மட்டும் மறுபடி கூடி ஆர்.என்.ஏ.வைச் சுற்றிக் கூம்பு கட்டுகின்றன. அறுகோணங்கள் சுமார் 250, ஐங்கோணங்கள் சரியாக 12. வெறும் அறுகோணங்களை வைத்து எந்தக் கூட்டையும் மூட முடியாது, இது வடிவியல் விதி, வைரஸும் தப்ப முடியாது. மீதிக் கேப்சிட் புரதங்கள் துகளுக்குள் சும்மா கிடக்கும்.

முத்தியால்பேட்டை, மருந்துக்கடை: புரோட்டியேஸைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் வைரஸ் வெளியே வராதா?

வரும் தம்பி, ஆனால் முதிராமலே வரும், அடுத்த செல்லைத் தொற்றாது. வெட்டும் குழியை மருந்து அடைத்துவிடுகிறது. 1995இல் சாக்வினாவிர் முதலில் அனுமதி பெற்றது. ரிடோனாவிரும் அதே வகைதான், ஆனால் இப்போது குறைந்த அளவில், கல்லீரல் மற்ற மருந்துகளைச் சீக்கிரம் சிதைத்துவிடாமல் தடுக்கத்தான் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே தொற்றிய செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்ட வைரஸை இவை எதுவும் தொடுவதில்லை, அதனால் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு: கொரோனா மாத்திரையிலும் ரிடோனாவிர் இருந்ததே?

துணைக்குத்தான். கொரோனா புரோட்டியேஸ் சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலத்தை வைத்து வெட்டுவது, அதை அடைப்பது கூடவே வரும் நிர்மட்ரெல்விர்.

சிதம்பரம்: ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பி24 என்று போட்டிருந்தது, அது எது?

இவ்வளவு நேரம் பேசிய கேப்சிட்தான். ஆன்டிபாடி உருவாகும் முன்பே ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும் என்பதால் நான்காம் தலைமுறைப் பரிசோதனைகளில் இரண்டையும் சேர்த்தே தேடுகிறார்கள்.